திருச்செந்தூர் பக்கம் கரையில் கிடந்த இது என்ன? எலும்பா, பிளாஸ்டிக்கா?

#1 நொய்யல்
வணக்கம். நான் கோயம்புத்தூர்க்காரி. கடலை வருடத்துக்கு ஒரு முறை பார்ப்பதோடு சரி. கேள்வி அபத்தமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் போயிருந்தோம். இரண்டாம் நாள் விடியற்காலையில், கூட்டத்துக்குத் தப்பி, நானும் ஒன்பது வயது மகளும் கடலோரமாகவே வடக்கே வீரபாண்டியன்பட்டினம் நோக்கி நடந்தோம். அலை ஒதுக்கிப் போட்டிருந்த பாசிக்குள் இது கிடந்தது. மகள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, பெரிய புழு" என்று கத்தினாள். புழு இல்லை, அசையவில்லை.

படம் இணைத்திருக்கிறேன். படத்தில் தெரியாததைச் சொல்கிறேன். நீளம் ஒரு சாண். நிறம் வெளிர் பழுப்பு, பழைய காகிதத்தின் நிறம். முழுக்க வளையம் வளையமாக, ஒன்றோடொன்று ஒட்டிய தட்டுகள் போல இருக்கிறது. ஒரு முனை சுண்டுவிரல் பருமன், போகப் போக அகலமாகி இரண்டு விரல் பருமன். ஆட்டுக்கிடாயின் கொம்பு போல வளைந்தும் சற்று முறுக்கியும் இருக்கிறது. கனமே இல்லை. அழுத்தினால் உள்ளே போய் மெல்லத் திரும்பி வருகிறது. வாசனை, கருவாட்டுக் கடையைத் தாண்டிப் போகும்போது வருமே, அந்த அளவு.

பையில் போட்டு ஊருக்கும் கொண்டுவந்துவிட்டேன். செய்தது தப்பா என்பதையும் சொல்லுங்கள்.

#2 பனைவிடலி
அம்மா, மனம் நோகக் கூடாது. எங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேறும் குழாய் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். வெயிலில் கிடந்தால் இதே நிறத்துக்கு வந்துவிடும். கடலில் இப்போது மீனைவிடக் குழாய்தானே அதிகம்.

#3 சோலைக்கிளி
குழாய் என்றால் எல்லா வளையமும் ஒரே அளவில் இருக்கும். இது கொம்பு மாதிரி சிறுத்துப் பெருக்கிறது, பாருங்கள். என் ஓட்டு முதுகெலும்புக்கு. சுறாவின் முதுகெலும்பு வட்டு வட்டாகத்தான் இருக்கும். கன்னியாகுமரியில் அதைக் கோத்து மாலையாக விற்பதைப் பார்த்திருக்கிறேன். பெரிய கடற்பாம்பாகவும் இருக்கலாம்.

#4 நுண்ணோக்கி
இருவரும் படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். கேட்டவரோ நல்ல சாட்சி. "அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வருகிறது" என்கிறார். எந்த முதுகெலும்பு அப்படிச் செய்யும்?

சகோதரி, அடுத்த படத்தில் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வையுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர், அதை வைத்து மற்றதை அளந்துவிடலாம். முனையில் நகக்கண் அளவு துண்டு கிள்ளி, ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, அதாவது ஓடு, கணவாய் ஓடு, பவளம் போன்றவை. இன்னொரு துண்டை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். உருகிச் சொட்டினால் பிளாஸ்டிக், தலைமுடி பொசுங்கும் வாடை வந்தால் உயிரிலிருந்து வந்த புரதம். கடைசியாக, ஒவ்வொரு வளையத்தின் விளிம்பிலும் கீறலோ துளையோ இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு முக்கியமானது அதுதான்.

#5 நெறியாளர்
வழக்கமான நினைவூட்டல், எல்லோருக்கும். கரையில் தெரியாததைக் கண்டால் முதலில் குச்சியால் புரட்டுங்கள், வெறுங்கையால் எடுக்காதீர்கள். நீல பலூன் போல ஒதுங்கும், ஜெல்லிமீன் போன்ற சொறி வகை செத்துக் காய்ந்த பிறகும் கொட்டும். கூம்பு வடிவ, அழகான கோடு போட்ட நத்தைகள் உயிரோடு இருந்தால் விஷ ஊசி வைத்திருக்கும். அந்த அழகைப் பார்த்துத்தான் குழந்தைகள் கை நீட்டுவார்கள். இந்தப் பொருளைப் பார்த்தால் பயப்படத் தேவை இருப்பதாகத் தெரியவில்லை. தொடருங்கள்.

#6 அட்லாண்டிக்கரை
நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். இது எனக்கு மிகவும் பழக்கமான பொருள்! இங்கே கடற்கரையில் வருடம் முழுக்கக் கிடக்கும். வெல்க் என்ற பெரிய கடல் நத்தையின் முட்டைச் சரம். உயிரினப் பெயர் புசிகான். தட்டுத் தட்டாக, காகிதம் போல, ஒரு கை நீளத்துக்கும் மேல் வரும். குலுக்கினால் உள்ளே குட்டிக் குட்டிச் சங்குகள் கலகலவென்று சத்தம் போடும். கடற்கன்னியின் கழுத்தணி என்று இங்கே செல்லப்பெயர். கேள்வி முடிந்தது என்றே நினைக்கிறேன்.

#7 நொய்யல்
எல்லோருக்கும் நன்றி. ஆச்சரியம் என்னவென்றால், கைபேசியில் படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் செயலி ஒன்றை மகள் வைத்திருக்கிறாள், அதுவும் புசிகான் என்றுதான் சொல்கிறது.

பேராசிரியர் ஐயா (ஐயா பேராசிரியர்தான் என்று கேள்வி கேட்ட விதத்திலேயே தெரிகிறது) சொன்ன சோதனைகளைச் செய்தோம். வினிகரில் நுரை இல்லை. தீயில் உருகவில்லை, சுருண்டு கருகியது. மாமியார் கூடத்திலிருந்து எழுந்து வந்து "யார் முடியைப் பொசுக்கினது?" என்று கேட்டார். அதற்கு மேல் சாட்சி வேண்டாம் என்று நினைக்கிறேன்.

நாணயம் வைத்த படம் இணைத்திருக்கிறேன். வளையங்களை மகள் எண்ணினாள், 28. மெல்லிய முனையில் இருக்கும் சில வளையங்கள் மிகச் சிறியவை, தட்டையானவை, ஒன்றும் இல்லாதவை போல இருக்கின்றன. பெரியவற்றில் பலவற்றின் விளிம்பில் சின்னக் கீறல் திறந்திருக்கிறது. சிலவற்றில் இல்லை.

#8 பனைவிடலி
வாஷிங் மெஷின் கட்சி தோல்வியை ஒப்புக்கொள்கிறது. வைப்புத்தொகையும் போயிற்று.

#9 நுண்ணோக்கி
நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். குழந்தைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

இது முட்டைக்கூடு. அதில் அட்லாண்டிக்கரை நண்பர் சொன்னது சரி. கீறல்கள், குஞ்சுகள் வெளியேறிய வாசல்கள். ஆனால் புசிகான் என்பது தவறு, செயலியும் சேர்ந்தே தவறு. இரண்டு காரணங்கள் சொல்கிறேன்.

ஒன்று, உடலமைப்பு. புசிகானின் சரத்தில் நாணயம் போன்ற வட்டுகள் தனித்தனியாக நிற்கும், அவற்றை ஒரு பக்கமாக ஒரு நூல் கோத்துக்கொண்டு போகும். பிடித்துத் தூக்கினால் சரம் தொங்கும். இந்தப் படத்தில் நூல் எங்கே? அறைகள் நேராக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி ஒரே தூணாக எழும்பியிருக்கின்றன. இது தொங்குவதற்காகச் செய்த பொருள் அல்ல, நிற்பதற்காகச் செய்தது.

இரண்டாவது இன்னும் எளிது. புசிகான் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் உரியது. மன்னார் வளைகுடாவில் அது கிடையாது. செயலிக்கு அமெரிக்கப் படங்கள் ஆயிரக்கணக்கில் தீனியாகப் போட்டிருப்பார்கள், நம் கரைப் படம் அதற்குக் கிடைத்திருக்காது. தெரிந்த முகத்தில் நெருங்கியதைக் காட்டுகிறது. அதைக் குற்றம் சொல்லவும் முடியாது, நாமும் அதைத்தானே செய்கிறோம்.

இது எந்தப் பிராணியுடையது என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. ஆனால் நான் புத்தகத்தில் பார்த்தவன், ஆய்வகத்தில் ஃபார்மலின் குப்பியில் ஒரே ஒரு முறை பார்த்தவன். தூத்துக்குடிப் பக்கத்து அன்பர்கள் யாராவது இந்த அவையில் இருந்தால் அவர்கள் வாயால் வரட்டும்.

#10 உப்பளம்
அது சங்குப்பூ.

#11 சோலைக்கிளி
சங்குப்பூவா? தேடிப் பார்த்தேன். நீல நிறப் பூவும், அதில் தேநீர் போடுவது எப்படி என்று பத்துக் காணொளிகளும் வருகின்றன. எலுமிச்சை பிழிந்தால் ஊதா ஆகுமாம். அண்ணாச்சி, வேலியில் படரும் கொடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

#12 உப்பளம்
கொடியில் பூப்பதும் சங்குப்பூதான், கடலில் சங்கு பூப்பதும் சங்குப்பூதான். எங்களுக்கு இரண்டாவதுதான் முதலில் தெரியும். வேலை முடிந்து வந்ததால் ஒரு வரியோடு நிறுத்தினேன், இப்போது விவரமாக எழுதுகிறேன்.

என் தகப்பனார் தூத்துக்குடியில் சங்குகுளிக்கப் போனவர். இளம் வயதில் முத்துக்குளிப்புக்கும் போயிருக்கிறார். 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுவிட்டது, பிறகு சங்குதான். அந்தக் காலத்தில் கண்ணாடி, குழாய், சிலிண்டர் ஒன்றும் கிடையாது. காலில் கல், இடுப்பில் கயிறு, கழுத்தில் பை, பிடித்த மூச்சு, அவ்வளவுதான். சங்கு மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும். மேலிருந்து பார்த்தால் மணல்மேடு போலத்தான் இருக்கும். ஆனால் அது ஊர்ந்து போன தடம் மணலில் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய் எடுக்க வேண்டும் என்பார்.

தடத்துக்கு அடுத்த அடையாளம் சங்குப்பூ. தை, மாசி மாதங்களில் மணலில் நட்டு வைத்தது போல நிற்கும். அடி மணலுக்குள், தலை மேலே, நீரோட்டத்துக்கு மெல்ல ஆடும். உயிரோடு இருக்கும்போது இந்தக் காகித நிறம் இருக்காது. மஞ்சள் கலந்த வெள்ளையாக, ஈரப் பளபளப்போடு, கையில் பிடித்தால் கெட்டியாக இருக்கும் என்று சொல்வார். பூ கண்ட இடத்தில் தாய் இருக்கும். சில சமயம் பூவின் அடியிலேயே மணலுக்குள் புதைந்து இருக்கும். பூவைப் பிடுங்காதே என்று அவருக்கு மூத்தவர்கள் சொல்லியிருந்தார்களாம். பிடுங்கியவர்களும் உண்டு, எல்லோரும் புண்ணியவான்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

சகோதரி சொன்ன "ஒன்றும் இல்லாதவை போல" இருக்கும் சின்ன வளையங்கள்தான் வேர். மணலில் ஊன்றி நிற்க முதலில் அதைப் போடும். அதில் முட்டை இருக்காது.

#13 பாக்குநீர்
நான் மன்னாரைச் சேர்ந்தவன். எங்கள் பக்கத்திலும் சங்கு குளிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத் தீவுப் பகுதிகளிலும் உண்டு. சின்ன வயதில் கரைவலை இழுக்கும்போது இது வலையோடு வரும், நாங்கள் அதைக் கொம்பு என்று தலையில் வைத்துக்கொண்டு ஆட்டுக்கடா விளையாட்டு விளையாடுவோம். பெயரை இன்றுதான் அறிந்தேன். அண்ணைக்கு நன்றி.

#14 நுண்ணோக்கி
உப்பளம் அண்ணாச்சி வாயால் வரும் என்றுதான் காத்திருந்தேன். என் ஊகமும் அதுவே. டர்பினெல்லா பைரம், கோயிலில் ஊதுகிறோமே, அதே சங்கு. பழைய நூல்களில் ஸாங்கஸ் பைரம் என்று இருக்கும். நம் சங்குதான் லத்தீன் வேடம் போட்டுக்கொண்டு அங்கே நிற்கிறது.

இந்தப் பெயரை நான் முதலில் பார்த்தது ஒரு வெள்ளைக்காரரின் எழுத்தில் என்பதைச் சொல்ல வேண்டும். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றி மட்டுமே ஒரு தனி நூல் எழுதினார். முட்டைக்கூட்டை ஆட்டுக்கிடாய்க் கொம்போடு ஒப்பிட்டு, குளிப்பவர்கள் இதைச் சங்குப்பூ என்கிறார்கள் என்றும் குறித்திருக்கிறார். நொய்யல் அவர்களும் கொம்பு என்றார், மன்னார்ப் பிள்ளைகளும் கொம்பு என்றே விளையாடியிருக்கிறார்கள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள்.

இனி உயிரியல். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள், வகுப்பு எடுத்தே பழகிய கை.

கடலில் வாழும் ஓட்டுயிர்களில் பெரும்பாலானவை முட்டைகளைத் தண்ணீரில் விட்டுவிடும், அல்லது முட்டையிலிருந்து வரும் நுண்ணிய இளவுயிர்கள் வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து திரியும். லட்சத்தில் ஒன்று தப்பிக்கும். சங்கு அந்தச் சூதாட்டத்துக்குப் போவதில்லை. தாய் மணலில் ஊன்றி நின்று, ஒரு சுரப்பியிலிருந்து கொம்பு போலக் கெட்டிப்படும் புரதத்தைச் சுரந்து, அறை அறையாகக் கட்டுகிறது. ஒவ்வொரு அறையிலும் பல முட்டைகள். குஞ்சு உள்ளேயே வளர்ந்து, ஓடு போட்டு, முழுச் சங்கின் வடிவத்தை அடைந்த பிறகுதான் கீறல் வழியாக வெளியே வரும். மிதக்கும் பருவமே கிடையாது. வந்ததும் ஊர வேண்டியதுதான். வளர்ந்த சங்கின் சாப்பாடு மணலுக்குள் வாழும் புழுக்கள். நாம் பூசை அறையில் வைத்திருப்பது ஒரு வேட்டைப் பிராணியின் வீடு.

மிதக்கும் பருவம் இல்லாததால், பிறந்த இடத்தை விட்டுச் சங்கு வெகுதூரம் போவதில்லை. ஒரு பாரில் (கடலடித் திட்டில்) இருக்கும் சங்குக்கும் இன்னொரு பாரில் இருக்கும் சங்குக்கும் உருவத்தில் வேறுபாடு வருவதற்கு இது ஒரு காரணம். வியாபாரிகள் ஜாதிச் சங்கு, பட்டிச் சங்கு என்று தரம் பிரித்தது சும்மா இல்லை.

#15 தாமரைக்குளம்
சங்கு பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன், தலைப்பிலிருந்து விலகினால் மன்னிக்கவும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கோயில் ஊரில், சன்னிதித் தெருக் கடையில், வலம்புரிச் சங்கு என்று ஒன்று வாங்கினேன். கொடுத்த தொகையைச் சொன்னால் என் வீட்டுக்காரர் இந்த இழையைப் படித்துவிடுவார் என்று பயமாக இருக்கிறது. வெள்ளையாக, நீண்ட வாலோடு, வாய் வலப்பக்கம் திறந்து அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர் "இது நம் சங்கே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். எப்படிப் பார்ப்பது?

#16 நுண்ணோக்கி
முதலில் வலம், இடம் பற்றிய குழப்பம். விலங்கியலில் உச்சியை மேலே வைத்து, வாயை நம் பக்கம் திருப்பிப் பார்ப்போம். சாதாரணச் சங்கின் வாய் அப்போது வலப்பக்கம் இருக்கும். வழிபாட்டில் சங்கைப் பிடிப்பது தலைகீழாக, உச்சி கீழே. அதே வாய் இப்போது இடப்பக்கம் வந்துவிடும். ஆகவே நம் வழக்கில் அது இடம்புரி. அரிய வலம்புரி என்பது விலங்கியல் கணக்கில் இடச்சுழி. ஒரே பொருளுக்கு இரு பெயர்கள், இரண்டும் எதிரெதிர். என் மாணவர்கள் தேர்வில் வருடா வருடம் இங்கேதான் சறுக்குவார்கள்.

இப்போது உங்கள் சங்கு. வாய்க்குள் நடுத்தண்டைப் பாருங்கள், விரலால் தடவியும் பாருங்கள். உண்மையான சங்கில் அங்கே மூன்று நான்கு மடிப்பு வரிகள் மேடாகத் தட்டுப்படும். வழவழவென்று ஒன்றும் இல்லாமல் இருந்தால் அது வேறு பிராணி.

#17 தாமரைக்குளம்
வழவழவென்றுதான் இருக்கிறது.

#18 அட்லாண்டிக்கரை
ஐயையோ. சகோதரி, அது எங்கள் ஊர்ச் சரக்கு. மின்னல் வெல்க் என்பார்கள். புசிகானின் நெருங்கிய உறவு, அமெரிக்கத் தென்கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் கிடைப்பது. அந்த இனத்தில் எல்லாமே இடச்சுழிதான், அதாவது நம் கணக்கில் எல்லாமே வலம்புரி. டெக்சாஸ் மாநிலத்துக்கு அதுதான் அதிகாரபூர்வ ஓடு. அங்கே பரிசுப்பொருள் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். அதைக் கப்பலேற்றி வலம்புரி என்று விற்கும் வியாபாரம் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நம் அவையிலேயே ஒருவர் கையில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

நேற்று மன்னார் வளைகுடாச் சங்கைப் புசிகான் என்று சொன்னது நான். இன்று புசிகானின் பங்காளியைச் சங்கு என்று விற்றிருக்கிறார்கள். ஒருவிதத்தில் கணக்கு நேராகிவிட்டது.

#19 பனைவிடலி
தாமரைக்குளம் அக்கா, கவலை வேண்டாம். அமெரிக்க விசா இல்லாமலே ஒரு அமெரிக்கர் உங்கள் பூசை அறையில் குடியிருக்கிறார்.

#20 தாமரைக்குளம்
சிரிப்பு வரவில்லை. சரி, கொஞ்சம் வந்தது.

#21 வெள்ளாற்றங்கரை
தாமதமாக வருகிறேன். நீங்கள் எல்லோரும் பெயரோடு நின்றுவிட்டீர்கள். மணலில் வேர் ஊன்றி நிற்கும் பொருள் கரைக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லையே? விசைப்படகுகளின் இழுவை மடி, அதாவது இழுவலை, கடல் தரையை வாரிக்கொண்டு போவதால்தான் இது பிடுங்கப்பட்டு ஒதுங்குகிறது. கிழக்குக் கரையில் 61 நாள் தடைக்காலம் ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது, ஜூன் 14இல் முடிகிறது. சங்கு பூப்பது தை, மாசியில். தடை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மீனுக்காகப் போட்ட நாட்காட்டியில் சங்குக்கு இடமே இல்லை.

#22 உப்பளம்
நாட்காட்டி விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். தகப்பனாரும் இதையே வேறு வார்த்தையில் சொல்வார். ஆனால் ஒதுங்கியதெல்லாம் மடி பிடுங்கியது என்று எழுதிவிடாதீர்கள். குஞ்சு வெளியேறிய பிறகு பூ காய்ந்து இலேசாகிவிடும், அடி இற்றுவிடும், ஒரு நல்ல கொண்டல் காற்று அடித்தால் தானே பெயர்ந்து வரும். சகோதரி எடுத்ததில் பல வாசல் திறந்திருக்கிறது என்கிறார். அது பூத்து முடிந்த பூவாகத்தான் இருக்க வேண்டும். வாசல் ஒன்றுகூடத் திறக்காமல், ஈரமும் கனமுமாகக் குவியலாக ஒதுங்கினால், அப்போது மடி மேல் வழக்குப் போடலாம். அப்படி ஒதுங்கியதையும் பார்த்திருக்கிறேன்.

மடியும் எங்கள் ஊர்க்காரர்கள்தான் இழுக்கிறார்கள். ஒரே வீட்டில் அண்ணன் விசைப்படகு, தம்பி சங்குகுளி என்று இருக்கிறது. இங்கே எழுதுவது போல அங்கே பேசிவிட முடியாது.

பழைய முறையில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. கரையில் சங்கை எண்ணி எடுக்கும் இடத்தில் துளை போட்ட பலகை வைத்திருப்பார்கள். துளைக்குள் நுழைந்து விழுந்தால் அது சிறுசு, திரும்பக் கடலுக்குப் போக வேண்டும். சங்கை அறுத்துத்தான் வங்காளத்தில் வளையல் செய்வார்கள். ஒரு வளையலும் அறுக்க முடியாத அளவுக்குச் சின்னதை எடுத்து யாருக்கு என்ன பயன்?

#23 வெள்ளாற்றங்கரை
திறந்த வாசல், திறக்காத வாசல் என்ற வேறுபாடு எனக்குத் தெரியாது. அவசரப்பட்டேன், ஏற்கிறேன். நாட்காட்டி வழக்கை மட்டும் விட மாட்டேன்.

#24 நொய்யல்
இவ்வளவு பெரிய பேச்சுக்குக் காரணமாவோம் என்று நினைக்கவில்லை. படித்துப் படித்து மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதல் பதிவில் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. எடுத்து வந்தது தப்பா? திரும்பப் போட வேண்டும் என்றால் அடுத்த விடுமுறைக்குத்தான் கடலுக்குப் போக முடியும்.

#25 நெறியாளர்
நீங்கள் எடுத்தது ஊர்க் கரையில், காய்ந்து ஒதுங்கிய வெற்றுக்கூடு. அதில் யாருக்கும் நட்டம் இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இறங்கிப் பொறுக்கத் தொடங்க வேண்டாம், அங்கே எதையும் தொடக் கூடாது. 1986 முதல் காப்புப் பகுதி. மற்ற கரைகளிலும் கடல் அட்டை, கடற்குதிரை இரண்டும் செத்துக் கிடந்தாலும் எடுக்காதீர்கள். வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. "செத்துத்தான் கிடந்தது" என்பது வழக்கில் நிற்காது. ஈரமாக, கனமாக இருக்கும் சங்குப்பூவைக் கண்டால் படம் எடுத்துக்கொண்டு, அலைக்கு அப்பால் தண்ணீரில் விட்டுவிடுங்கள்.

#26 நுண்ணோக்கி
நொய்யல் அவர்களே, ஒரு வேண்டுகோள். வாசல் திறக்காத அறைகள் சில இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவற்றில் உள்ளது எப்படியும் பிழைத்திருக்காது. ஒன்றை மட்டும் கத்தரிக்கோலால் விளிம்போரமாக மெல்ல வெட்டிப் பாருங்கள். வெறும் தூசியாகவும் இருக்கலாம். நத்தைகளில் சில இனங்களின் கூட்டில் முட்டைகளில் பெரும்பகுதி குஞ்சாகவே ஆவதில்லை. முந்திப் பிறந்தவற்றுக்கு அவை சாப்பாடாகிவிடும். ஆகவே பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

ஏதாவது ஓடு இருந்தால் அதன் உச்சியைப் பாருங்கள். பிறகு வீட்டுப் பூசை அறைச் சங்கை எடுத்து அதன் உச்சியையும் பாருங்கள்.

#27 உப்பளம்
நானும் காத்திருக்கிறேன். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தும் இதுவரை வெட்டிப் பார்த்ததில்லை. பிடுங்காதே என்று சொன்னது மனத்தில் நின்றுவிட்டது.

#28 நொய்யல்
நேற்று இரவு வெட்டினோம். முதல் அறையில் கறுப்புத் தூசி. இரண்டாவதிலும் அதுவே. மகள் முகம் வாடிவிட்டது, "ஒன்று மட்டும்" என்று ஐயா சொன்னதை மீறி மூன்றாவதையும் வெட்டினேன்.

உள்ளே நான்கு ஓடுகள். மூன்று உடைந்தவை, முட்டை ஓடு போல மெல்லியவை. ஒன்று முழுசு. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, நிறம் பால் வெள்ளை. கொண்டைக்கடலைக்கு ஒரு வால் முளைத்தது போல இருக்கிறது, ஏனென்றால் உடம்பில் பாதி உச்சிக் குமிழ்தான்.

மாமியார் பூசை அறையிலிருந்து சங்கை எடுத்துக் கொடுத்தார். அது அவருடைய மாமியார் காலத்துச் சங்கு. நானும் இத்தனை வருடம் அதைத் துடைத்து வைத்திருக்கிறேன், உச்சியில் ஒரு சின்ன முடிச்சு உண்டு, துணி அதில் சிக்கும், பார்த்ததே இல்லை. இப்போது குட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த முடிச்சும் இந்தக் குமிழும் ஒன்றேதான். பெரிய சங்கின் தலையில் அது பிறந்தபோது இருந்த வீடு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. முடி பொசுக்கியதையும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

படங்கள் இணைத்திருக்கிறேன், நாணயத்தோடு. வாய்க்குள் மடிப்பு வரி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம், பெரியதில் நான்கு தெளிவாக எண்ண முடிந்தது. குட்டியில் எனக்குத் தெரியவில்லை, மகளுக்குத் தெரிகிறதாம்.

#29 நுண்ணோக்கி
அந்தக் குமிழைத்தான் பார்க்கச் சொன்னேன். இனி எந்தச் சந்தேகமும் இல்லை. ஒன்று மட்டும் சொல்லுங்கள், குட்டியின் வாய் எந்தப் பக்கம்?

#30 நொய்யல்
நாங்களும் அதைத்தான் முதலில் பார்த்தோம் ஐயா. உச்சியை மேலே வைத்தால் வலப்பக்கம், கீழே வைத்தால் இடப்பக்கம். இடம்புரி. மகள் இன்னும் இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள், மாறவில்லை. திறக்காத அறைகள் இன்னும் ஐந்து இருக்கின்றன, அவற்றை எப்போது வெட்டலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.